மூச்சுக்கு இருக்க ஓராள்

படலை திறக்கவில்லை.

பவானி இரண்டாம் முறையும் ஊதினாள். ஊர் எல்லையில் ரோட்டை மறிக்கும் அந்தப் படலையின் கம்பத்தில் பொருத்தியிருக்கும் சின்னக் குழலுக்குள் ஒருமுறை ஊதினால் போதும், ஊதியவர் எந்த வீட்டில் மூச்சுவிட்டுப் படுத்தெழும்பியவர் என்று படலைக்குத் தெரிந்துவிடும். தெரிந்துதான் மறித்தது. குறுக்குக் கம்பி அசையாமல் கிடக்க, பக்கத்துத் திரையில் ஒரே செய்தி மூன்று மொழிகளில் மாறி மாறி வந்தது. தமிழில் அது இப்படி இருந்தது: "இந்த வீடு வெறுமையாகிறது. பொறுப்பு நிற்பவர் யார்?"

வாகனத்தின் பின்னிருக்கையில் பிள்ளைபெற்றவளுக்கான சரக்குத்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து மடித்த துணிகள் எல்லாம் பொதியாகிக் கிடந்தன. ஸ்காபரோவில் மகள் அபிராவுக்குத் தலைப்பிரசவம். நாள் கிட்டிவிட்டது. தாய் போய்ச் சேரவேண்டும், பிள்ளையைக் கையில் வாங்கவேண்டும், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியவேண்டும், அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் கூடநின்று கொடுக்கவேண்டும். ஒரு தாய் கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான விடுமுறை அது.

"நீ கதைச்சு வைக்கிறன் எண்டெல்லே சொன்னனீ அக்கா?"

சுபோதினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கதைத்துத்தான் பார்த்தாள். தெற்கே தலைமை அலுவலகத்தில் யாரோ மனம் இரங்கி ஏதாவது செய்திருப்பார்கள் என்று நம்பித்தான் தங்கையை ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒருவரும் ஒன்றும் செய்திருக்கவில்லை. செய்யவும் முடியாது. மேலிடத்து ஆள் ஒருவர் தொலைபேசியில் சொன்னால் திறக்கும் படலை இல்லை அது. விதியையே மாற்றினால்தான் திறக்கும். சொந்தக்காரருக்கும் பெரிய இடத்தாருக்கும் சலுகை காட்டாத படலையாக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அப்படிச் செய்வித்தவள் அவளேதான். திரையில் ஓடுகிற அந்த வரியும் அவள் எழுதியது.

"பொறுப்பாம்," என்றாள் பவானி. "பிணை எண்டு நேர எழுதியிருக்கலாமே."

சுபோதினி வாகனத்தைத் திருப்பினாள்.

கில்லாவிக் என்ற அந்த ஊர் கனடாவின் வரைபடத்தில் நெற்றிப்பொட்டு வைக்கிற இடத்தில் இருந்தது. ஒருகாலத்தில் வருடத்துக்கு ஒரு கப்பலும், வானம் மனம் வைத்தால் ஒரு விமானமும் வரும். பனிக்கடல் இளகி, வடக்கே கப்பல் பாதை திறந்தபோது அங்கே ஒரு துறைமுகம் கட்டினார்கள். துறைமுகத்துக்கு ஆள் வேண்டுமென்று கூப்பிட்டதில் லொறி ஓட்டவும் கிரேன் இயக்கவும் சமைக்கவும் ஸ்காபரோவிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, ஆதியிலிருந்தே அங்கே வாழும் இனுயிட் மக்களோடு பாதிக்குப் பாதி ஆகிப்போனார்கள். பிறகு ரோட்டு வந்தது. ரோட்டோடு பள்ளிக்கூடம் வந்தது, பிரசவம் தவிர மற்றதெல்லாம் பார்க்கும் ஆஸ்பத்திரி வந்தது, கறிவேப்பிலை விற்கும் கடைகூட வந்தது. அந்த ரோட்டைத் திட்டிக் கதை சொல்ல வருகிறவர்கள் முதலில் ரோட்டுக்கு முந்திய கில்லாவிக்கில் ஒரு தக்காளிப்பழம் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

ரோட்டைப் போட்ட பொறியியலாளர்களில் தலையானவள் சுபோதினி. கணவன் பிள்ளை என்று ஒன்றும் சேர்த்துக்கொள்ளாமல் இந்த ரோட்டையே கட்டிக்கொண்டவள் என்று பவானி பகிடி பண்ணுவாள். தங்கையையும் அவள் கணவன் சாந்தகுமாரையும் இங்கே வரச்சொல்லி இழுத்ததும் அவள்தான். சாந்தகுமார் லொறி ஓட்டினான். போன இலையுதிர்காலத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டான். அபிரா தெற்கே கல்யாணம் கட்டிப் போயிருந்தாள். வீட்டில் பவானி ஒருத்தி, அவளுடைய ஒரு மூச்சு.

குசினிக்குள் வந்ததும் பவானி பொதிகளைத் தரையில் போட்டாள்.

"எனக்கு விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லு. இந்த வீட்டில நான் இல்லாட்டி அங்க ஆத்து வளைவில ரோட்டு ஏன் தாழவேணும்? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"உனக்குத் தெரியாததே?"

"தெரியும். உன்ர வாயால கேக்கப்போறன்."

சுபோதினி கதிரையை இழுத்து இருந்தாள். "ரோட்டுக்குக் கீழ இருக்கிறது வெறும் மண் இல்லை. ஐஸும் சேறும். முந்தி எந்த நாளும் இறுகிக் கிடந்தது, இப்ப வெக்கை கூடி உருகுது. உருகினா ரோட்டு இறங்கும். அதுதான் குழாய் தாட்டு அந்தச் சூட்டை உறிஞ்சி எடுக்கிறம். எடுத்த சூட்டை எங்கயாவது கொட்டவேணுமே? ஃபிரிட்ஜின்ர முதுகு சுடுறதெல்லே, அப்பிடித்தான். ரோட்டு ஃபிரிட்ஜ் எண்டால் எங்கட வீடுகள் அதின்ர முதுகு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு துண்டு."

"காத்தில கொட்டேலாதோ?"

"ஏலும். அதுக்குப் பெரிய விசிறியள் வேணும், விசிறிக்கு டீசல் வேணும். டீசல் எரிக்காத ரோட்டு எண்டுதானே காசு தந்தவங்கள்."

"சரி. நான் போறன். வீடு இருக்குந்தானே? சூடு தன்ர பாட்டில வந்துகொண்டிருக்கட்டும். சுவருக்கும் கதிரைக்கும் சுடட்டும். ஆருக்கு என்ன நட்டம்?"

"வராது. மூச்சு இல்லாட்டி சூட்டுக் குழாயின்ர அடைப்பான் பூட்டிக்கொள்ளும்."

"ஏன்?"

பதில் சுபோதினிக்குத் தெரியும், சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. சிறுவயதில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அப்பா வீட்டையே இரண்டாக்கிவிடுவார். நாற்பது வருடமாக எந்த அறையை விட்டு வெளியேறினாலும் அவள் கை தானாகச் சுவிட்சைத் தேடும். ஹோட்டல் அறையில்கூட. வீடுகளுக்கான அடைப்பானை வரைந்தபோது கை அதையேதான் செய்தது. மூச்சின் வாயுவை மோப்பம் பிடிக்கும் ஓர் உணரியை வைத்து, மூச்சு நின்றால் சூடும் நிற்கும்படி செய்தாள். ஒருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. தெற்கே எல்லோரும் எழுந்துநின்று கைதட்டினார்கள். யாரும் கழற்றித் தில்லுமுல்லு செய்யாதபடி தொழிற்சாலையிலேயே அடைத்து முத்திரையிட்டும் விட்டார்கள். சூட்டைச் செலவழிப்பதற்கென்றே கட்டிய ஒரு வீட்டில் சிக்கனம் பிடித்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தபோது ஊர் முழுக்கப் பொருத்தி முடிந்திருந்தது.

ரோட்டுத் திறந்த நாளில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கம்பம் நட்டு, அதைத் தாங்கும் வீட்டுக்காரரின் பெயரை எழுதியிருந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்கள் கம்பத்தோடு படம் பிடித்துக்கொண்டார்கள். ஆற்று வளைவுக்குச் சாந்தகுமார் வளைவு என்று தன் பெயர் கிடைத்ததில் சாந்தகுமாருக்குத் தலைகால் தெரியவில்லை. முதல் குளிர்காலத்து இருட்டைத் தாங்க முடியாமல் இரண்டு குடும்பங்கள் அதே ரோட்டால் ஊரைவிட்டுப் போயின. வெயில் வந்ததும் அவர்களுடைய துண்டுகள் இறங்கின. எண்ணெய் லொறி ஒன்று புரண்டு, சாரதியின் கால் போனது. அந்தக் கம்பங்களில் இருந்த பெயர்களைச் சொல்லிக் கடைவாசலில் சனம் மண்ணள்ளித் தூற்றியது. போக வழி திறந்த ரோட்டு, ஒருவரும் போகாவிட்டால்தான் நிற்கும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கிற்று. அவசரக் கூட்டத்தில் எழுந்து, போகிறவர் தன் வீட்டில் மூச்சுக்கு ஓராளை வைத்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னவள் சுபோதினி. தற்காலிகமாக என்றுதான் சொன்னாள்.

அப்படியே ஊரில் ஒரு புதுப் பழக்கம் பிறந்தது. தனியாள் ஒருவர் அடுத்த பட்டினத்துக்குச் சப்பாத்து வாங்கப் போவதென்றாலும் அயலட்டையில் கேட்க வேண்டும்: "நாளைக்கு எனக்கு மூச்சுக்கு வந்து இருக்கிறியளே?" ஒருநாள் இரண்டு நாளுக்கு யாரும் வருவார்கள். மாதக்கணக்கில் யார் வருவார்? சுபோதினி வந்து இருக்கலாம், ஆனால் அவளுக்கும் ஒரு வீடு இருந்தது, ஒரு துண்டு இருந்தது. ஊரிலேயே ஆகச் சதுப்பான துண்டை மற்றவர் தலையில் கட்டக்கூடாதென்று தானே எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி இரண்டு வீட்டில் மூச்சு விட முடியாது.

"சின்னம்மாவை நினைச்சனீயே அந்த வரியை எழுதேக்க?" என்று பவானி கேட்டாள்.

"இல்லை."

"பொய்."

"இல்லையடி. சத்தியமா நினைக்கேல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதென்றால் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுப்பதென்றால், போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்கு என்று சொல்லி அப்பா அம்மாவோடு அவர்கள் நாலு பேரும் வெளிக்கிட்டபோது பிணை நின்றது அம்மாவின் தங்கையான சின்னம்மா. அவர்கள் திரும்பவில்லை. கொழும்பிலிருந்து கனடாவுக்கு வந்துவிட்டார்கள். திரும்பாதவர்களுக்குப் பிணை நின்றவள் என்று சின்னம்மாவுக்கு அதன் பிறகு பாஸ் கிடைக்கவே இல்லை. கடைசியில் ஷெல் விழுந்து அங்கேயே செத்துப்போனாள். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா சாப்பிடாமல் இருந்ததை இரண்டு பெண்களும் பார்த்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் சின்னம்மாவின் பெயரை யாரும் எடுத்ததில்லை.

மறுநாள் சுபோதினி ஊர்த்தலைவி எலிசாப்பியிடம் போனாள். எலிசாப்பி இனுயிட் பெண், பெரிய குடும்பக்காரி, ஆள் கேட்டால் இல்லையென்று சொல்லாதவள். வாசலில் வைத்தே விஷயத்தைச் சொன்னாள் சுபோதினி. உள்ளே வரச்சொல்லித் தேநீர் கொடுத்துவிட்டு எலிசாப்பி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னது இது:

"வசந்தத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பனிக்கடலுக்குப் போவோம். கூடாரம் போட்டு, கடல்நாய் பிடித்து, பிள்ளைகளுக்கு அங்கேதான் எல்லாம் காட்டிக் கொடுப்போம். வீட்டைப் பூட்டுவதுகூட இல்லை. உன் படலை வந்த பிறகு வீட்டுக்கு ஒருவர் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. போன வசந்தத்தில் எங்கள் வீட்டில் அப்பா நின்றார். நீங்கள் போங்கள், நான் மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கிறேன் என்று சிரித்தார். நாங்கள் திரும்பி வந்தபோது மூச்சு இல்லை, வீடு குளிர்ந்து கிடந்தது. எங்கள் துண்டு இறங்கிவிட்டது என்று அலுவலகத்திலிருந்து கடிதம் மட்டும் வந்திருந்தது."

சுபோதினி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தக் கடிதமும் அவளுடைய அலுவலகத்திலிருந்து தானாகப் போகிற கடிதம்தான்.

"உன் தங்கைக்கு நான் ஆள் தரமாட்டேன் என்று இல்லை," என்றாள் எலிசாப்பி. "யாரைப் பின்னால் விட்டுப் போவது என்று இந்த வருடம் என் வீட்டிலேயே சண்டை."

அங்கிருந்து வந்ததும் சுபோதினி ரோட்டை நடத்தும் வடபுல அபிவிருத்திச் சபையின் பணிப்பாளர் விக்னராஜாவுக்கு அழைப்பு எடுத்தாள். அவரும் யாழ்ப்பாணத்தார், ஏறக்குறைய அவள் வயது, மரியாதையாகக் கதைப்பவர். ஆளில்லாத வீட்டுக்கும் சூடு போகிறமாதிரி அடைப்பான்களை மாற்றவேண்டும், படலையை எடுக்கவேண்டும், பிழை தன்னுடையது என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"அம்மா, பிழை எண்டு ஏன் சொல்லுறியள்?" என்றார் அவர். "படலை வந்த பிறகு ஒரு குடும்பமும் போகேல்லை. வடக்கில வேற எந்த ஊரைப் பற்றி அப்பிடிச் சொல்லலாம்? சனம் நிக்குது, ரோட்டு நிக்குது. பிறகென்ன?"

"சனம் நிக்கேல்லை ஐயா. நிப்பாட்டி வைச்சிருக்கிறம்."

"கணக்கில ரெண்டும் ஒண்டுதானே," என்று சொல்லி அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. தூரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

பவானி அன்றைக்குத் தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அக்காவின் வீட்டில் வந்து படுத்துக்கொண்டாள். ரோட்டு இறங்கினால் இறங்கட்டும் என்றாள். சாந்தகுமாரின் பெயர் எழுதிய கம்பம் சேற்றுக்குள் போனால் போகட்டும் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு நாள் கழித்து ஆற்று வளைவு எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று பார்க்க சுபோதினி பயந்து பயந்து கணினியைத் திறந்தாள். வளைவு கல்லாக இருந்தது. பவானியின் வீடு ஒரு நிமிடம்கூடச் சூட்டை நிறுத்தவில்லை. திரையில் "மூச்சு உண்டு" என்று பச்சை எழுத்து.

யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பவானி ஒரு அகப்பைக்காம்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் ஒருவரும் இல்லை. புளித்த மணம் மட்டும் மூக்கில் அடித்தது. அடைப்பானுக்கு நேர் கீழே, சூடு வருகிற வாயோரத்தில், பெரிய சட்டியில் அப்பமா பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு விளிம்பால் வழிந்து தரையில் கிடந்தது.

"ஐயோ, உன்ர வீட்டுக்கு வர முந்தி, உனக்கு அப்பம் சுட்டுக்கொண்டு வருவம் எண்டு கரைச்சு வைச்சனான். மறந்தே போனன்," என்றாள் பவானி.

அந்த ஊரில் தமிழ் வீடு எல்லாவற்றிலும் அப்பமாவும் தோசைமாவும் இருக்கிற இடம் அதுதான். குளிருக்குள் மா புளிக்காது. அடைப்பானின் கீழே வைத்தால் சொன்ன நேரத்துக்குப் பொங்கும். சுபோதினி குந்தியிருந்து சட்டியைப் பார்த்தாள். மாவில் குமிழி எழும்பி உடைந்துகொண்டிருந்தது. நாம் வெளியே விடுகிற மூச்சில் இருக்கிற அதே வாயு. அவளுடைய உணரி அதைத்தான் மோப்பம் பிடிக்கும், அது நெஞ்சிலிருந்து வருகிறதா சட்டியிலிருந்து வருகிறதா என்று கேட்காது.

அவள் தரையில் இருந்தபடியே சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. அக்காவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று பவானி பயந்துபோனாள்.

அடுத்த நாள் புதுமா கரைத்து, சீனியும் ஈஸ்டும் கூடப் போட்டு, சட்டியை வைத்துவிட்டு இருவரும் படலைக்குப் போனார்கள். பவானி ஊதினாள். படலை சற்று யோசித்தது. "வீட்டில் வேறு மூச்சு உண்டு. போய்வாருங்கள்," என்றது திரை. கம்பி மேலே எழும்பியது.

பவானி படலைக்கு அப்பால் நின்ற தெற்கே போகும் பஸ்ஸுக்குள் ஏறுமுன் அக்காவின் கையைப் பிடித்தாள். "நான் வராமல் விட்டிடுவன் எண்டு நினைக்கிறியோ?"

"வராட்டி வராதை," என்றாள் சுபோதினி. "நான் மாவைக் கலக்கிக்கொண்டு இருப்பன்."

பேத்தி பிறந்தாள். படம் வந்தது, குரல் வந்தது. ஊரில் இந்த ரகசியம் எலிசாப்பிக்கு மட்டும் சொல்லப்பட்டு, எலிசாப்பியிடமிருந்து எல்லோருக்கும் சொல்லப்பட்டது. இனுயிட் வீடுகளில் அப்பமாவுக்குப் பதில் வாளியில் ஈஸ்ட் போட்டுப் பாண்மாவைப் பிசைந்து வைத்தார்கள். அந்த வசந்தத்தில் ஒரு வீட்டிலும் ஒருவரும் பின்னால் நிற்கவில்லை, நாய்கள்கூட நிற்கவில்லை. எல்லோரும் பனிக்கடலுக்குப் போனார்கள். தமிழர்களில் சிலர் கல்யாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் தெற்கே போனார்கள். சுபோதினி ஒரு சாக்குச் சீனியோடு வீடு வீடாகப் போய் வாளிகளுக்குத் தீனி போட்டாள். ஊரே புளித்து மணத்தது. ரோட்டு ஒருகாலமும் இல்லாத உறுதியோடு கிடந்தது. மா மனிதரைவிட நன்றாக மூச்சு விட்டது, களைக்கவில்லை, அழவில்லை.

அவளுக்குத்தான் நித்திரை வரவில்லை. போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள், போக முடிந்ததால் வந்தார்கள். அது அவளுக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு வாளி கவிழ்ந்தால், ஒரு சட்டி புளித்து ஓய்ந்தால், லொறி ஒன்று போகும். தங்கையின் பயணத்தைப் பொய்யில் வாங்கியிருக்கிறோம் என்ற எண்ணம் நடக்கும்போதும் கூட வந்தது.

அந்த நிலையில்தான் விக்னராஜா அழைத்தார். குரலில் பால்பொங்கியது. "அம்மா, உங்கட ஊரின்ர கணக்கைப் பாத்து மேல ஆக்கள் அசந்து போச்சினம். இந்த வருஷம் ஒரு வீடும் வெறுமையா இருக்கேல்லை! வடக்கில மற்ற எல்லா ஊருக்கும் இதே அடைப்பான், இதே படலை. கையெழுத்து வைக்கமுதல் நான் நேர வந்து பாக்கப்போறன்."

சுபோதினி தொலைபேசியை வைத்தாள். அவள் சட்டியில் கரைத்த பொய் இப்போது நாற்பது ஊருக்குப் படலை போடப் போகிறது. உண்மையைச் சொல்லியாயிற்று, கேட்கவில்லை. மறுபடி சொன்னாலும் சிரிப்பார். அவருக்குச் சொல்லி விளங்காது, ஊதிப் பார்த்தால்தான் விளங்கும் என்று அவளுக்குப் பட்டது.

பணிப்பாளர் வந்தார். ஊரில் விருந்தினர் விடுதி இல்லையாதலால் அவரைப் பவானியின் வீட்டில் தங்கவைத்தாள். வீட்டுக்காரி அன்றைக்குத் தன் வீட்டில் படுப்பாள் என்றாள். சூடான வீடு, சுத்தமான கட்டில். மனிதர் நிம்மதியாக நித்திரைகொண்டு எழும்பினார். விடிய சுபோதினி வந்து, அடைப்பானின் கீழே இருந்த சட்டியைத் தூக்கிக் குசினிக்குக் கொண்டுபோய், இருந்த மா முழுவதையும் வழித்து அப்பம் சுட்டாள். பால் விட்டுச் சுட்டாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

"இப்பிடிப் பாலப்பம் சாப்பிட்டு எத்தினை வருஷம்," என்றார். அவர் பார்க்காத பக்கமாக அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆற்று வளைவில் அன்று லொறி ஒன்றும் விடவேண்டாம் என்று முதல்நாளே சொல்லி வைத்திருந்தாள்.

படலையடிக்கு அவரோடு கூட வந்தாள். அவர் உற்சாகமாக இறங்கி, நானும் ஊதிப் பார்க்கிறேன் என்று ஊதினார்.

"இந்த வீடு வெறுமையாகிறது. பொறுப்பு நிற்பவர் யார்?"

அவர் திரையையும் அவளையும் பார்த்துச் சிரித்தார். "இதென்ன, எனக்குமோ?"

"ராத்திரி நீங்கள் படுத்த வீட்டில இப்ப ஒருத்தரும் இல்லை ஐயா. அந்த வீட்டுக் கடைசி மூச்சு உங்கடதான்."

"அந்த வீட்டுக்காரி? உங்கட தங்கச்சி?"

"அவ ஸ்காபரோவில பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறா. போய்க் கனகாலம்."

அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது. "அப்ப இவ்வளவு நாளும் அங்க மூச்சு விட்டது ஆர்?"

"விடிய நீங்கள் சாப்பிட்டனீங்கள்," என்றாள் சுபோதினி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வாளிகளை, சீனியை, எலிசாப்பியின் அப்பாவை, தானாகப் போன கடிதத்தை. அவர் கோபப்பட்டார். வேலை போகும் என்றார். அவளும் போகட்டும் என்றாள். தலைமை அலுவலகத்துக்கு எடுத்துத் திறக்கச் சொல்லப்போனவர் பாதியில் நிறுத்தினார். சொன்னால் திறக்கும் படலை இல்லை என்பது அவருக்கும் நினைவு வந்துவிட்டது.

"நீங்கள் போய்க் கொஞ்ச நேரம் அங்க இருங்கோவன். எனக்குப் பின்னேரம் அடுத்த பட்டினத்தில பிளேன் இருக்கு."

"இருப்பன் ஐயா. மாட்டன் எண்டு சொல்லேல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் அந்தக் காலத்தில பாஸ் எடுத்துத்தானே வெளிக்கிட்டிருப்பியள். உங்கட வீட்டில ஆர் பிணை நிண்டது?"

விக்னராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது, திரை மூன்று மொழிகளிலும் தன் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பெரியண்ணா," என்றார்.

"பிறகு அவர் வெளியில வந்தவரோ?"

அவர் மறுபடி தொலைபேசியை எடுத்து ஆங்கிலத்தில் கதைத்தார். படலை விதியை எடுத்துவிடுங்கள் என்றார். இன்றைக்கே என்றார். அடைப்பான்களை அடுத்த கப்பலில் மாற்றுவோம், அதுவரை டீசல் விசிறி போடுங்கள், மற்ற ஊர்களுக்கான கையெழுத்தை நான் வைக்கப்போவதில்லை என்றார். மறுமுனையில் யாரோ நெடுக ஏதோ சொன்னார்கள். பெரிய குரல், சுபோதினிக்கும் கேட்டது. விசிறி வந்து சேருமுன் ரோட்டு இறங்கினால், இன்னொரு லொறி புரண்டால், அதற்கு யார் பொறுப்பு என்று அந்தக் குரல் கேட்டது.

விக்னராஜா திரையைப் பார்த்தார்.

"நான் நிக்கிறன்," என்றார். மறுமுனையில் இருந்தவருக்கு விளங்கவில்லை. பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார்.